கீறல் விழாத பஸ்

எங்கள் பக்கத்துச் சாலைகளில் அப்போது ஒரே ஒரு சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது மனப்பாடம். பஸ் வந்தால் மண்ணில் இறங்கு.

தார் ஒரு வண்டி போகிற அகலம். இரண்டு பக்கமும் மண். சைக்கிள்காரர், மாட்டுவண்டிக்காரர், தலையில் புல்லுக்கட்டோடு போகிற பெண், பெண் அழைத்துப் போகிற கூட்டம், பிணத்தைத் தூக்கிப் போகிற கூட்டம், யாராக இருந்தாலும் பின்னால் ஏர் ஹாரன் கேட்டதும் தாரை விட்டுவிட வேண்டும். பஸ் போன பிறகு கண்ணில் விழுந்த புழுதியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மழை பெய்தால் ஒதுங்குகிற மாதிரி பஸ் வந்தால் ஒதுங்கினார்கள்.

பஸ்காரர்களுக்குள் வேறொரு ஓட்டம். தர்மபுரியிலிருந்து மொரப்பூர் போகிற தடத்தில் காலையில் எட்டே முக்காலுக்கு ஒரு தனியார் பஸ். எட்டு ஐம்பதுக்கு இன்னொரு முதலாளியின் பஸ். ஐந்து நிமிஷ இடைவெளி. முன்னால் போகிறவன் தாமதித்தால் வழியில் நிற்கிற ஆட்களைப் பின்னால் வருகிறவன் அள்ளிக்கொள்வான். ஆகவே எட்டே முக்கால் பஸ் தனக்கு முன்னால் எது போனாலும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, அது மண்ணில் இறங்கும்வரை விடாது. இதற்கு ஊரில் 'பத்துறது' என்று பெயர். ஆட்டைப் பத்துவது போல மனிதரைப் பத்துவது. அந்த டிரைவரைப் பற்றி, "அவன் பத்துனா லாரியே எறங்கும்" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

நான் தர்மபுரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் மொரப்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். எங்களுக்கு ஒரே பெண். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துக் காத்திருந்து, இருபத்து மூன்றாம் வயதில் மொரப்பூர் சாலையில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பன்னிரண்டு கிலோமீட்டர். எட்டே முக்கால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். ஒரு நாள் இறங்குவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள். முழங்கையில் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸே வேண்டாம் என்று ஒரு மொபெட் வாங்கினோம்.

மொபெட்டுக்குக் கண்ணாடி வைக்கிற வழக்கம் அப்போது எங்கள் ஊரில் இல்லை. நான்தான் மெக்கானிக்கிடம் அழைத்துப் போய் வலப்பக்கத்துக் கைப்பிடியில் ஒன்றை மாட்டச் சொன்னேன்.

"எதுக்குங்க டீச்சர்? பொட்டு சரி பண்ணிக்கிறதுக்கா?" என்றார் மெக்கானிக்.

"பின்னால என்ன வருதுன்னு பாக்க."

"பின்னால வர்றவன் பாத்து வருவானுங்க. நாம முன்னால பாத்தாப் போதும்."

படிக்காத மனிதர் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் சொன்னதைத்தான் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நீதிமன்றம் ஆங்கிலத்தில் சொன்னது.

அந்தச் சாலையில் கோடைக்குப் பிறகு புதுத் தார் போட்டார்கள். பழைய தாரின் மேலேயே புதியதை ஏற்றினார்கள். ஓரத்தில் மண் கொட்டி மட்டம் பண்ண வேண்டியது பாக்கி. அந்தப் பாக்கி அடுத்த கோடை போன பிறகும் பாக்கியாகவே இருந்தது. தார் விளிம்பிலிருந்து மண் அரை அடிப் பள்ளத்தில் கிடந்தது. சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி இறங்கிக்கொள்வார். ஓடுகிற மொபெட் அப்படி இறங்கினால் தலைகீழாகத்தான் போகும். நின்று, தள்ளித்தான் இறக்க வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை. முதல் மணி அடித்து நான் வகுப்புக்குள் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து பள்ளி வாசலில் நிற்பதாகச் சொன்னார்கள். போகிற வழியெல்லாம் "உயிரோட இருக்குதுங்க, உயிரோட இருக்குதுங்க" என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டே வந்தார். இன்றும் யாராவது என் பெயரைச் சொல்லி வகுப்பு வாசலில் கூப்பிட்டால் கையிலிருக்கிற சாக்பீஸ் கீழே விழுகிறது.

பெண்ணுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. முகத்தில் பாதி தார் உரசிய காயம். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது, "அந்தப் பெரியவர் எப்படிம்மா இருக்கார்?" என்றுதான். அவர் அடுத்த வார்டில் இல்லை. பின்கட்டில், சவக்கிடங்கில் இருந்தார்.

நடந்தது இதுதான். எட்டே முக்கால் பஸ் ஊர் எல்லை தாண்டியதும் அவள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஹாரன். இறங்கலாம் என்றால் அரை அடிப் பள்ளம். நின்றுதான் இறங்க வேண்டும். நிற்கலாம் என்றால் பின்சக்கரத்துக்கு ஒரு கஜம் தள்ளி பஸ்ஸின் பம்பர். வேகத்தைக் குறைத்தாலே மேலே ஏறிவிடும். கண்ணாடி முழுக்க பஸ்ஸின் முகம்தான் என்று சொன்னாள், வேறு எதுவும் இல்லை, வானம்கூட இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாலம். அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நின்று நின்று ஓரம் மட்டமாக இருக்கும். அங்கே போய் இறங்கிக்கொள்ளலாம் என்று வேகத்தைக் கூட்டினாள். பாலத்தடியில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் சந்தைக்குப் போக நின்றிருந்தார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் பெரியவர் இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினார். அதே மட்டமான இடத்தில், அதே நொடியில் இவள் இறங்கினாள்.

மொபெட் அவரைத் தட்டியது. பாலத்தின் கல் விளிம்பில் அவர் தலை மோதியது.

பஸ் நிற்கவில்லை. அந்தப் பாலத்தடியில் நிற்கிற ஆளை ஏற்றுவதற்குத்தான் அத்தனை ஓட்டமும். ஏற்றுவதற்கு ஆள் இல்லாமல் போனதும் நிற்க வேண்டிய காரணமும் இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. ஐந்து நிமிஷம் கழித்து வந்த எட்டு ஐம்பது பஸ்தான் வந்த வழியே திரும்பி என் பெண்ணையும் பெரியவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது.

மாலை ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். நல்ல மனிதர். அவர் நல்ல மனிதராக இருந்ததையும் நான் கெடுத்தேன்.

"சுருக்கமா எழுதிக்குவங்க டீச்சர். வண்டியில போயிக்கினு இருந்தேன், பெரியவரு குறுக்க வந்துட்டாரு, நெல தடுமாறி விழுந்துட்டேன். அவ்வளவுதான். பாப்பா ஒரு கையெழுத்துப் போடட்டும்."

"பஸ் எங்கே?"

"பஸ் எதுக்குங்க?"

"பஸ்ஸாலதானே இதெல்லாம்?"

"பஸ் மோதுச்சுங்களா?"

"மோதலை."

"அப்புறம் எதுக்குங்க அத இழுத்துக்கினு? எழுத எழுத வம்புங்க. நா சொல்றதக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் படிப்படியாக எழுதி விடை கண்டவள். ஒரு படியை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் போடாதவள். காகிதத்தை வாங்கிக்கொண்டேன். வலியில் முனகுகிற பெண்ணிடம், எந்த ரோட்டோரக் கல் அருகில் பஸ் பின்னால் வந்தது, அதற்கப்புறம் எத்தனை கல் தாண்டினாய், பாலம் வருவதற்குள் எத்தனை எண்ணியிருப்பாய் என்று துருவித் துருவிக் கேட்டேன். இருநூறு மீட்டர், பதினெட்டு விநாடி. மணிக்கு நாற்பது கிலோமீட்டர். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதலில் இருபத்தைந்தில் போனாள், பஸ் துரத்தியதால் நாற்பதுக்குக் கூட்டினாள், இடைவெளி ஒரு கஜம், பள்ளத்தின் ஆழம் அரை அடி. அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

ஏட்டு அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்களே கணக்குப் போட்டுக் குடுத்துட்டீங்க," என்றார். அப்போது அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அறிவு எனக்கு.

முதல் தகவல் அறிக்கையில் என் ஒன்றரைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு எண் பிழைத்து வந்திருந்தது. மொபெட்டை 'மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்ற அதிவேகத்தில், அஜாக்கிரதையாக' ஓட்டி வந்து, ஓரமாக நின்றவர் மேல் மோதி மரணம் விளைவித்ததாக என் பெண் மேல் முன்னூற்று நாலு ஏ பிரிவில் வழக்கு. பஸ் இல்லை. ஒரு கஜம் இல்லை. பள்ளம் இல்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பஸ்ஸும் அதே நாற்பதில்தான் வந்திருக்க முடியும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மொபெட்டுக்கு அது அதிவேகம். பஸ்ஸுக்கு அது நிதானம்.

என் கணவர் மொரப்பூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முன்னாடியே எங்கயாச்சும் மண்ணுல எறங்கியிருக்கலாமில்ல?" என்றார். பெற்ற தகப்பன் முதற்கொண்டு அந்தச் சட்டம் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

நான் மேலதிகாரிகளுக்கு மனு மேல் மனு எழுதினேன். அதன் பலனாக, பஸ்ஸை ஒரு நாள் ஸ்டாண்டிலேயே நிறுத்தி பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வையிட்டார். விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்துச் சான்று தருகிற அதிகாரிக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். நானும் போய் நின்றேன். பஸ்ஸைக் கழுவி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி மணப்பெண்ணைப் போல நிறுத்தியிருந்தார்கள். அவர் முன்னால் குனிந்து பம்பரைத் தடவினார். பக்கவாட்டைத் தடவினார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ஒரு கீறல்கூட இல்லீங்களேம்மா."

"கீறல் எப்படிங்க இருக்கும்? தொடலைன்னுதானே நானும் சொல்றேன். துரத்துச்சு. புலி துரத்தி ஒருத்தன் கெணத்துல விழுந்தா, புலி மேல கீறல் இருக்கான்னு தேடுவீங்களா?"

"புலிக்கு பர்மிட் கெடையாதுங்களே டீச்சர்," என்றார். சுற்றி நின்ற கண்டக்டர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நன்றாகத்தான் சொன்னார். வேறொருத்தர் வீட்டு விஷயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

டிரைவர் சிரிக்கவில்லை. அவர் மகள் என் வகுப்பில் படிக்கிற பெண். கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு மரியாதையாகப் பக்கத்தில் வந்தார்.

"நா தொட்டனுங்களா டீச்சர்? உங்க புள்ள வண்டியில என் வண்டி பெயிண்ட் ஒட்டியிருக்குதுங்களா? சொல்லுங்க, இப்பவே லைசென்ஸக் கையில குடுத்துடறேன்."

"ஒரு கஜத்துல ஏன் ஒட்டிக்கிட்டு வந்தீங்க?"

"எட்டு அம்பது பின்னாடி வந்துட்டான். நா என்னங்க பண்றது? ஆரன் அடிச்சேன். ஆரன் அடிக்கறது தப்புன்னா, ஆரன எதுக்குங்க வண்டியில வச்சிருக்கான்?"

"ஒருத்தர் செத்துப் போயிட்டார். கண்ணாடியில பாத்திருப்பீங்களே. ஏன் நிக்கலை?"

"நின்னா என்னைய இல்லீங்களா அடிப்பாங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பொண்ணு கணக்குல எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார்.

நன்றாகப் படிக்கிறாள் என்றேன். வேறு என்ன சொல்ல?

வக்கீல் எங்களுக்குத் தூரத்து உறவு. என் ஒன்றரைப் பக்கத்தின் நகலைப் படித்துவிட்டு மேஜை மேல் போட்டார்.

"இது யாருங்க அக்கா எழுதுனது?"

"நான்தான்."

"நெனச்சேன். போலீஸ்ல எழுதிக் குடுத்தது கோர்ட்ல செல்லாது. அது ஒண்ணுதான் நமக்கு நல்ல காலம். ஆனா கேஸக் கட்டுனது இத வச்சுத்தான்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வழி இருக்குது. குத்தத்த ஒத்துக்கிட்டா அபராதத்தோட ஒரே நாள்ல முடிஞ்சுரும். ஆனா தண்டனைன்னு ரெக்கார்ட்ல ஏறும். வேலைக்குப் புதுசு, நிரந்தரம்கூட ஆகல. டிபார்ட்மெண்ட்ல என்ன பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது."

"இன்னொரு வழி?"

"பெரியவரு திடீர்னு குறுக்க வந்தாரு. பொண்ணு மேல தப்பில்ல. சாட்சி டீக்கடைக்காரன் ஒருத்தன், அவன் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பாத்திருக்கான். ஒடச்சிரலாம். ஆனா பஸ்ஸப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"அதுதானே நடந்தது?"

"நடந்தது வேறங்க. பஸ் துரத்துச்சுன்னா வேகமாப் போனேன்னு ஆகுது. வேகமாப் போனேன்னா கேஸ் ஒத்துக்கிட்டாச்சு. பஸ்ஸ விட்ருங்க. பஸ்ஸப் புடிக்கறதுக்குச் சட்டத்துல எடம் இல்லாம இல்ல. அதுக்கு ஸ்டேஷன்ல எழுதணும், எழுத மாட்டாங்க. இருக்கறத வச்சுப் பொண்ணக் காப்பாத்துவம்."

"செத்துப் போனவர் மேலயா பழியப் போடறது?"

"செத்தவரு மேல யாருங்க கேஸ் போடப் போறா? அவருக்கு ஒண்ணும் ஆவாதுக்கா."

அந்த வாக்கியத்தைக் கேட்டு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன். சரி என்று தலையாட்டினேன். என் பெண்ணின் வேலை நிலைக்க வேண்டும், அவள் பெயருக்குப் பக்கத்தில் குற்றவாளி என்று எழுதக் கூடாது. அதற்காக ஒரு பிணத்தை ரோட்டின் நடுவே இரண்டடி நகர்த்தி வைக்க எனக்கு மனம் வந்துவிட்டது. இந்தக் கதையில் நான் ஏளனம் செய்கிற ஆட்களின் வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு. கடைசி இடமும் இல்லை.

வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. சாட்சிகளை எல்லாம் விசாரித்த பிறகு நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்துக் கேள்வி கேட்பார். சாட்சிகள் இப்படிச் சொல்கிறார்களே, என்ன சொல்கிறாய் என்று. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தார். 'பொய்.' அது எல்லாரும் சொல்வது. நீதிமன்றத்தில் அந்த ஒரு சொல்லை நாளைக்கு நூறு தடவை கேட்கலாம். முதல் நாள் சாயங்காலம் வீட்டில் நான் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்ல, வாய்பாடு ஒப்பிப்பது போலச் சொல்ல வைத்தேன்.

"அதிவேகமா ஓட்டினியா?"

"பொய்."

"அஜாக்கிரதையா மோதினியா?"

"பொய்." பிறகு, "அம்மா, மோதுனது பொய்யா?" என்றாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

மறுநாள் முதலில் பெரியவரின் மனைவியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் ஒன்றும் இல்லை. சர்க்கார் வக்கீல் அவரைத் தன் பக்கத்துச் சாட்சியாக அழைத்திருந்தார்.

"அந்த மொபெட் எப்படி வந்துச்சு, சொல்லுங்கம்மா."

"பஸ்ஸு பத்திக்கினு வந்துச்சுங்க."

"பஸ்ஸக் கேக்கல. மொபெட்டு."

"மொபெட்டத்தான் சாமி பத்திக்கினு வந்துச்சு. புள்ள எங்க போவும்? எங்கூட்டுக்காரு பஸ்ஸுக்குக் கையக் காட்டுனாரு. அது இந்தப் புள்ளய அவரு மேல தள்ளிட்டுப் போயிருச்சு."

"மொபெட் வேகமா வந்துச்சா, இல்லையா?"

"பஸ்ஸு எவ்ளோ வேகமோ அவ்ளோ வேகம்."

ஒன்றரைப் பக்கத்தில் நான் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இந்தச் சாட்சி எங்களைக் கெடுக்கிற சாட்சி. வாதியும் பிரதிவாதியும் சேர்ந்து பஸ்ஸை மறைக்கிற அந்த அறையில், புருஷனைப் பறிகொடுத்தவர் ஒருத்தர்தான் அதைப் பார்த்தேன் என்றார்.

பிறகு என் பெண்ணின் முறை. நீதிபதி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். மொபெட்டை அதிவேகமாக ஓட்டி வந்ததாகச் சாட்சி சொல்கிறார், என்ன சொல்கிறாய்?

அவள் கூண்டுக்குக் கீழே நின்றிருந்த பெரியவரின் மனைவியைப் பார்த்தாள். நான் என் இருக்கையிலிருந்து உதடசைவில் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினேன். பரீட்சை அறையில் பிள்ளைக்கு விடை காட்டிக் கொடுக்கிற டீச்சரை நான் மன்னித்ததே இல்லை.

"அந்தம்மா சொன்னது நிஜம்ங்க ஐயா," என்றாள் அவள். "நான் இடிச்சதும் நிஜம். பஸ் துரத்துனதும் நிஜம்."

"இந்தக் கேஸ்ல பஸ் இல்லையேம்மா," என்றார் நீதிபதி. கடுமையாகச் சொல்லவில்லை. கடையில் இல்லாத பொருளைக் கேட்டவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"ரோட்ல இருந்துச்சுங்க."

"பின்னாடி எவ்வளவு தூரத்துல?"

"ஒரு கஜம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில பாத்தேன்."

நீதிபதி எழுதிக்கொண்டார். சர்க்கார் வக்கீலின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை.

பதினைந்து நாளில் தீர்ப்பு. ஆங்கிலத்தில் இருந்ததை வக்கீல் எனக்குத் தமிழில் சொன்னார். இறந்தவரின் மனைவி படிப்பறிவு இல்லாதவர், துக்கத்தில் இருந்தவர். பஸ் ஒன்று பின்னால் வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அது எதன்மேலும் மோதவில்லை. அதைப் பரிசோதித்த அதிகாரி ஒரு கீறல்கூட இல்லை என்று சான்று கொடுத்திருக்கிறார். மாறாக, குற்றம் சாட்டப்பட்டவர் தன் வாயாலேயே கண்ணாடியைப் பார்த்து ஓட்டியதாகச் சொல்கிறார். பின்னால் பார்த்து ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க முடியாது. முன்னால் பார்த்திருந்தால் பெரியவரைப் பார்த்திருப்பார். ஆகவே அஜாக்கிரதை.

நான் மாட்டச் சொன்ன கண்ணாடி அது. பயந்துபோன ஒரு தாய் பிள்ளையின் பாதுகாப்புக்கு மாட்டியது. துரத்துகிறவனைப் பார்க்காமல் இருந்திருந்தால் என் பெண் ஜாக்கிரதையானவள் என்று பெயர் வாங்கியிருப்பாள். துரத்தியவன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் வந்தான். முன்னால் பார்த்து, நன்றாகக் கண்ணைத் திறந்து பார்த்து, ஒரு கஜத்தில் வந்தான். சட்டத்தின்படி அவன்தான் ஜாக்கிரதை.

தண்டனை, அபராதமும் கோர்ட் கலையும் வரை காவலும். மாலை நீதிபதி எழுந்து போகும்வரை அவள் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டதற்கு போலீஸ்காரர், "ஒக்காருங்க டீச்சர், இதுல என்ன இருக்குது," என்றார். கோழித் திருட்டு, வரப்புத் தகராறு, சாராயக் கேஸ் என்று ஒவ்வொன்றாக வந்து போயின. எல்லாரும் 'பொய்' என்றார்கள். பாதிப் பேர் விடுதலை ஆனார்கள்.

"ஒரு வார்த்தைதானேடி," என்றேன்.

"அந்தம்மா பாத்துக்கிட்டே நின்னாங்கம்மா," என்றாள்.

அவள் செய்தது சரி என்று இன்றைக்குப் பலர் சொல்கிறார்கள். எளிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அவள்மேல் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதை மறைத்து எழுத மனமில்லை.

கோர்ட் கலைந்து வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் பெரியவரின் மனைவி காத்திருந்தார். என் கால் பின்வாங்கியது. அவர் நேராக என் பெண்ணிடம் வந்தார்.

"உன் கேசு முடிஞ்சுதா கண்ணு?"

"முடிஞ்சுதுங்க."

"பஸ்காரன் கேசு எப்ப?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வக்கீலைப் பார்த்தேன். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லி அனுப்புவாங்களா, நாமே வரணுமா?" என்று அவர் மறுபடி கேட்டார். "வாய்தா தேதியச் சொன்னாத் தேவல. காட்டு வேலைய வுட்டுட்டு வரணும் பாரு."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெசாரிச்சுச் சொல்லு," என்று என் பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்தப் பாலத்தடிக்குப் போக அவருக்கும் அந்த இரண்டு பஸ்களை விட்டால் வேறு வழி இல்லை.

கல்வித் துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கத்தை அவளே எழுதினாள். என்னைத் தொடவிடவில்லை. நான் கேட்டும் படிக்கத் தரவில்லை. எட்டு மாதம் அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். வேலை நிலைத்தது. மொபெட் பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடந்தது. கண்ணாடியை மட்டும் நான் கழற்றி எடுத்துவிட்டேன்.

தீர்ப்புக்கு அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்குக் கிளம்பினாள், விபத்துக்குப் பிறகு முதல் முறையாக எட்டே முக்கால் பஸ்ஸில். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் அரை நாள் விடுப்புப் போட்டுக் கூடப் போனேன். அதே டிரைவர். என்னைப் பார்த்ததும் இருக்கையிலிருந்தே பாதி எழுந்து கும்பிட்டார். தன் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்திருந்த இருவரை எழுப்பிவிட்டு, "டீச்சருக்கு எடம் குடுங்கப்பா," என்றார். அவர் மகள் அந்த முறை கணக்கில் எண்பத்தேழு வாங்கியிருந்தாள்.

ஊர் எல்லை தாண்டியதும் முன்னால் ஒரு சைக்கிள்காரர். பின்னால் கேரியரில் ஒரு மூட்டை. பஸ் நெருங்கியது. ஹாரன் கத்தியது. சைக்கிளின் பின்சக்கரத்தை நான் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கஜம். இரண்டு கஜம். ஓரத்தில் அதே பள்ளம், இன்னும் மண் கொட்டப்படாமல். என் பெண் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"முன்னாடி ஆள் போறார் பாருங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "முன்னாடி ஆள் போறார்!"

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை முன்னாலேயே வைத்திருந்தார்.

"தெரியுதுங்க டீச்சர்," என்றார், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல். "பயப்படாதீங்க. அவரு எறங்கிருவாரு."

இறங்கிவிட்டார்.